மாயவரத்துக்கு மாற்றலாகி வந்தவருக்குச் சில சிபாரிசுகள்

கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். கோவையிலிருந்து வங்கி வேலையில் மயிலாடுதுறைக்கு மாற்றலாகி வந்திருக்கிறீர்கள். பெரிய கோயில் பார்த்தாயிற்று, பொன்னியின் செல்வன் படித்தாயிற்று, ஹைவேயில் பித்தளை டம்ளரில் காபியும் குடித்தாயிற்று. "இதற்கு மேல் இந்தப் பக்கம் என்ன இருக்கிறது? சமீபத்தில் நீங்கள் ரசித்த புத்தகம், படம், சாப்பாடு, துணிமணி, கலை, எதுவானாலும் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறைய இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு விஷயம். டெல்டாவில் பேர்போன பொருள் ஒவ்வொன்றுக்கும் மெயின் ரோட்டில் ஒரு போர்டு இருக்கும். அந்தப் பொருளைச் செய்கிற ஆள் நாலு தெரு தள்ளி, போர்டே இல்லாத ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நான் கும்பகோணத்துக்காரன். சமீபகாலத்தில் எனக்குப் பிடித்தவை எல்லாமே போர்டை விட்டுவிட்டு அந்தத் திண்ணையைத் தேடிப் போனபோது கிடைத்தவை. அதனால் என் சிபாரிசில் சாய்வு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காபியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நெடுஞ்சாலையில் ஓலைக் கொட்டகை போட்டு, பித்தளை டபரா அடுக்கி, எங்கள் ஊர்ப் பேரை எழுதிவைத்திருக்கிற கடைகளுக்கும் எங்கள் ஊருக்கும் பெரும்பாலும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பாலை நாள் முழுக்க அடுப்பிலேயே வைத்துச் சுண்டவிட்ட பிறகு, எவ்வளவு நல்ல டிகாக்‌ஷன் ஊற்றினாலும் என்ன பிரயோஜனம்? நல்ல காபிக்கு ரகசியம் ஒன்றும் கிடையாது. தண்ணீர் சேராத அன்றைய பால், பொங்கி வந்ததும் இறக்கிவிடவேண்டும். பில்டரில் முதலில் இறங்கிய டிகாக்‌ஷன், அளவாகச் சிக்கரி. காலை ஆறு மணிக்குக் கும்பேஸ்வரன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். எந்தக் கடை வாசலில் பால் கேன் இறங்கிக்கொண்டிருக்கிறதோ அங்கே நில்லுங்கள். பதினோரு மணிக்கு அதே கடைக்குப் போய்விட்டு என்னைத் திட்டக்கூடாது.

காபி குடித்த கையோடு, இட்லிக்குக் கடப்பா உண்டா என்று கேளுங்கள். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிற கடைகள் உண்டு. கோவைக்காரர் என்பதால் சொல்லிவிடுகிறேன், இது குருமா இல்லை. உருளைக்கிழங்கை வேகவைத்துக் கையால் உதிர்த்துக்கொள்வார்கள். பாசிப்பருப்பைக் குழைய வேகவிட்டுச் சேர்ப்பார்கள். தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பச்சை மிளகாய், பூண்டு எல்லாம் அரைத்து ஊற்றி ஒரு கொதி. மிளகாய்த்தூள் கிடையாது, அதனால் நிறம் வெளிறித்தான் இருக்கும். பட்டை, கிராம்பு தாளிப்பு. அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிவார்கள். அந்த எலுமிச்சையில்தான் சமாச்சாரமே இருக்கிறது. கொதிக்கும்போது பிழிந்தால் கசந்துவிடும், பிழியாமல் விட்டால் வெறும் உருளைக்கிழங்குப் பருப்பு. எங்கள் வீட்டில் அத்தை செய்யும்போது பருப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், கடையில் கிழங்கு தூக்கலாக இருக்கும். அத்தை கட்சிதான் நான்.

இனிப்பில் அசோகா. திருவையாற்றில் ஆண்டவர் அல்வா கடையில் வாங்கிச் சாப்பிடுவது ஊரறிந்த வழக்கம், இங்கே போர்டும் ஆளும் ஒரே இடத்தில் இருக்கிறதால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பாசிப்பருப்பு, கோதுமை மாவு, சர்க்கரை, நெய் என்று சாமான் எளிதுதான். சூடாக இருக்கும்போது இலைத் துண்டில் வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள். பார்சல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனால் நெய் உறைந்து வேறு பண்டமாகிவிடுகிறது.

கடலோரம் போனால் நாகூர். சாயங்காலம் தர்கா பக்கத்துத் தெருக்களில் வாடா போடுவார்கள். அரிசி மாவைத் தட்டி, வெங்காயமும் இறாலும் வைத்துப் பொரித்தெடுப்பது. நோன்பு மாதத்தில் காரைக்கால் முதல் அதிராம்பட்டினம் வரைக்கும் இது கிடைக்கும், மற்ற நாளில் தேடவேண்டும். சித்திரை, வைகாசியில் நாகப்பட்டினம் பக்கம் கோலா மீன் வரும், பறக்கும் மீன் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்களே, அதுதான். குழம்பு வையுங்கள், மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு அந்தக் குழம்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். மயிலாடுதுறை மார்க்கெட்டில் இரண்டு கிடைத்தால்கூட விடாதீர்கள்.

பழைய சோறு என்றதும் அரிசி ஞாபகம் வருகிறது. இந்த வருஷம் எங்கள் வீட்டில் கடை அரிசியைக் குறைத்துத் தூயமல்லிக்கு மாறினோம். மெல்லிய வெள்ளை அரிசி, சாம்பாருக்கும் ரசத்துக்கும் ஒத்துப்போகிறது, வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. பாரம்பரிய அரிசி என்றால் உடனே கருப்புக் கவுனியை வாங்கிப் பொங்கி, வேகவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். கவுனியை ராத்திரியே ஊறவைக்கவேண்டும், அது பாயசத்துக்கும் பொங்கலுக்கும்தான் சரி. மாப்பிள்ளைச் சம்பா கஞ்சிக்கு. தினப்படிச் சாப்பாட்டுக்குத் தூயமல்லி அல்லது கிச்சிலிச் சம்பா.

இந்த ரகங்கள் இன்றைக்குக் கைக்குக் கிடைப்பதற்குப் பெரிய காரணம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரெங்கத்தில் இருந்த நெல் ஜெயராமன். இயற்கை விவசாயத்துக்காக ஊர் ஊராகப் பேசிய நம்மாழ்வாரோடு நடந்தவர். ஊர் ஊராகப் போய் நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களைச் சேகரித்தார். அவர் வைத்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நெல் திருவிழாவுக்கு வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதை சும்மா கொடுப்பார்கள், அடுத்த வருஷம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். காசு கைமாறுவதில்லை. 2018 டிசம்பரில் அவர் போய்விட்டார், திருவிழா நிற்கவில்லை. கோடையில் நடக்கும்போது ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். பையில் விதைநெல்லோடு நிற்கிற பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், எந்த ரகம் எத்தனை நாள் பயிர், எது வெள்ளத்துக்குத் தாங்கும் என்று ஒரு மணி நேரம் பாடம் நடக்கும்.

சரி, புத்தகம். பொன்னியின் செல்வனோடு நிறுத்திவிட்டால் டெல்டாவை அரண்மனை ஜன்னல் வழியாகப் பார்த்த மாதிரிதான். வயல் பக்கம் இறங்கவேண்டாமா?

உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். பூம்புகார்ப் பக்கம் சாயாவனம் என்று ஒரு ஊர் இருக்கிறது. 1969இல் வந்த சா. கந்தசாமியின் நாவலுக்கும் அதுதான் பேர். வெளியூரில் சம்பாதித்துத் திரும்பிய சிதம்பரம், புளியமரங்கள் அடர்ந்த ஒரு தோட்டத்தை வாங்கி, அதை அழித்துக் கரும்பாலை வைக்கிறான். கதை அவ்வளவுதான். கொடியை அறுப்பது, மூங்கிலோடு மல்லுக்கு நிற்பது, கடைசியில் தீ வைப்பது என்று பக்கம் பக்கமாக வேலை நடக்கிறது. ஆசிரியர் ஒரு இடத்திலும் ஐயோ என்று சொல்லமாட்டார், சபாஷ் என்றும் சொல்லமாட்டார். இதை நான் மறுபடி எடுத்தது போன மழைக்காலத்தில். முதல் வாசிப்பில் சிதம்பரத்தின் பக்கம் நின்றேன், இந்த முறை அவன் கத்தியை எடுக்கும்போதெல்லாம் படபடப்பாக இருந்தது. முடிவைச் சொல்லமாட்டேன். சமையலறையில் எல்லார் வீட்டிலும் இருக்கிற ஒரு பொருளில் வந்து முடியும்.

அடுத்தது எம்.வி. வெங்கட்ராமின் வேள்வித்தீ. 'காதுகள்' நாவலுக்கு 1993இல் சாகித்திய அகாதெமி வாங்கியவர் என்பதால் எல்லாரும் அதையே சொல்வார்கள். காதுகள் பெரிய நாவல்தான், ஆனால் புதிதாகப் படிப்பவருக்கு முதல் புத்தகம் அதுவல்ல. வேள்வித்தீ கும்பகோணத்துச் சௌராஷ்டிரப் பட்டு நெசவாளர்களின் வீட்டுக்குள் நடக்கிறது. முதலாளி எடை பார்த்துப் பட்டு கொடுப்பது, கூலி பேசுவது, தறிக்குழிக்குள் காலை விட்டுக்கொண்டே குடும்பப் பிரச்சினையைப் பேசுவது எல்லாம் அதில் அப்படியே இருக்கும். எம்.வி.வி. தாமே அந்தச் சமூகத்தில் பிறந்தவர், பட்டு ஜரிகை வியாபாரமும் பார்த்தவர். புடவை வாங்கப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது கொஞ்சம் கனமானது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசையில் எரிக்கப்பட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் டெல்டாவின் பச்சை வயலைப் படம் பிடித்துப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. இதை வைத்து எழுதிய நாவல்களில் இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் பலருக்குத் தெரியும். நான் சொல்வது சோலை சுந்தரபெருமாளின் செந்நெல். திருவாரூர்ப் பக்கத்து ஆசிரியர் எழுதியது. அந்த மண்ணின் பேச்சு, பண்ணையில் ஆள் வேலை செய்கிற முறை, நாற்று விடுவதிலிருந்து அறுப்பு வரைக்கும் உள்ள விவரம் எல்லாம் அதில் உள்ளே இருந்து வருகிறது. படித்த பிறகு பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தையும் பாருங்கள். தப்பிப் பிழைத்தவர்கள் பேசுகிறார்கள். இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை.

தி. ஜானகிராமனை விட்டுவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். மோகமுள்ளை யாராவது எப்படியும் உங்கள் கையில் திணித்துவிடுவார்கள். நான் சிறுகதைகளைச் சொல்வேன். 'பாயசம்' படியுங்கள். கல்யாண வீடு, அண்டா நிறையப் பாயசம், பொறாமையில் வெந்துகொண்டிருக்கிற ஒரு கிழவர். ஏழெட்டுப் பக்கத்தில் ஒரு மனுஷனின் வயிற்றெரிச்சலை இப்படிக் காட்டமுடியுமா என்று தோன்றும். 'சிலிர்ப்பு' முழுக்க ரயிலில் நடப்பது. கல்கத்தாவுக்கு வீட்டுவேலைக்குப் போகிற ஒரு சின்னப்பெண், ஒரு ஆரஞ்சுப் பழம், அவ்வளவுதான். மயிலாடுதுறையிலிருந்து திருச்சிக்குப் போகும் பாசஞ்சரில் உட்கார்ந்து படித்தேன், எதிர் சீட்டுக்காரர் "கண்ணில் தூசியா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கோவையிலிருந்து வந்தவர் என்பதால் இன்னொன்று. தி.ஜா.வும் எழுத்தாளர் சிட்டியும் சேர்ந்து எழுதிய நடந்தாய் வாழி காவேரி, 1971இல் வந்த பயணநூல். குடகிலிருந்து கடல் வரைக்கும் ஆற்றோடு போகிறார்கள். உங்களுக்குப் பழக்கமான மேல்பக்கத்துக் காவேரியும் இங்கே வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து இளைத்துப்போகிற காவேரியும் ஒரே புத்தகத்தில் வரும்.

படத்தில் நீட்டி முழக்க விரும்பவில்லை. 2024இல் வந்த மெய்யழகன். சொந்த வீட்டைவிட்டுத் தஞ்சாவூரிலிருந்து கிளம்பிப்போனவர், பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே பேர்கூட ஞாபகம் வராத ஒரு உறவுக்காரர் அவரைப் பிடித்துக்கொள்கிறார். பின்பாதியில் பேச்சு அதிகம்தான், ஊர் வரலாறு எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் சொல்லிவிடும் ஆர்வம் தெரிகிறது. இருந்தாலும் எங்கள் பக்கத்து ஆட்கள் "சாப்டுட்டுத்தான் போகணும்" என்று வழிமறிக்கிற அன்புத்தொல்லையை இவ்வளவு சரியாக எடுத்த படத்தை நான் பார்த்ததில்லை. கார்த்தியைவிட அரவிந்த்சாமி எனக்குப் பிடித்திருந்தது. பதில் சொல்லத் தெரியாமல் அவர் விழிக்கிற விழிப்புக்காகவே பார்க்கலாம்.

அப்புறம் தில்லானா மோகனாம்பாள். பார்த்திருப்பீர்கள், மறுபடி பாருங்கள், இந்த முறை காதால். 1968ஆம் வருஷத்துப் படம். சிவாஜி வாயில் வைத்திருக்கும் நாயனத்துக்கு, அதாவது நாகஸ்வரத்துக்கு, பின்னால் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். படம் முடிந்ததும், அந்த வாத்தியத்தைச் செய்கிற ஊருக்கு ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். இந்தப் பதிலில் ஒரே ஒரு சிபாரிசைத்தான் கேட்பேன் என்றால், அது இதுதான்.

ஊர் நரசிங்கம்பேட்டை. மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் வருகிற ரயில்பாதையிலேயே, ஆடுதுறைக்குச் சற்று முன்னால். இங்கே செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கேள்விப்பட்டுப் பெரிய தொழிற்கூடம் இருக்கும் என்று போனால் ஏமாந்துபோவீர்கள். சில குடும்பங்கள்தான், வீட்டோடு ஒட்டிய பட்டறைகள்.

மரம் ஆச்சா. புதிதாக வெட்டிய மரம் ஆகாது, ஈரம் வற்றும்போது வெடித்துவிடும். அதனால் பழைய வீடு இடிக்கிற இடத்தில் உத்தரமும் தூணும் வாங்கிவந்து வைத்திருப்பார்கள். நான் போனபோது சுவரில் சாத்தியிருந்த ஒரு கட்டையில் ஆணி அடித்த ஓட்டை அப்படியே இருந்தது. யாரோ ஒருவர் வீட்டில் தலைமுறைக்கணக்கில் ஓட்டுச்சுமையைத் தாங்கிய கட்டை. அதைக் கடைசலில் கட்டிச் சுற்றவிட்டு, வெளிப்பக்கத்தைச் சீவி, உள்ளே நீளக் கம்பியால் துளை போடுகிறார்கள். துளை ஒரே அளவில் போவதில்லை, மேலே குறுகி, கீழே போகப்போக விரியவேண்டும். அந்த விரிவில் கொஞ்சம் பிசகினாலும் ஸ்வரம் நிற்காது. வாசிப்பவர் விரல் வைப்பதற்கு ஏழு துளை. அடிப்பக்கத்தில் இன்னும் சில துளைகள் உண்டு, அவற்றில் விரல் போகாது. மெழுகை அடைத்தும் எடுத்தும் சுருதியைச் சரிசெய்வதற்கு அவை. வாய்போல் விரிந்திருக்கும் அடிப்பகுதிக்கு அணசு என்று பேர், அதைத் தனியே வாகை மரத்தில் கடைந்து பொருத்துகிறார்கள். பட்டறைக்காரர் ஒரு நாயனத்தை முடித்ததும் தாமே வாயில் வைத்து ஒரு பிடி ஊதிப் பார்த்தார். முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி கம்பியை எடுத்தார். எனக்கு ஒரு தப்பும் கேட்கவில்லை.

இந்த ஊருக்கும் நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கும் உள்ள உறவையும் தெரிந்துகொண்டு போனால் நல்லது. அதற்கு முன்பு புழக்கத்தில் இருந்தது நீளம் குறைந்த திமிரி நாயனம், சுருதி உச்சத்தில் நிற்கும். தெருவில் ஊர்வலத்துக்கு அது சரி. கச்சேரியில் உட்கார்ந்து வாசிக்க, சுத்த மத்யமம் என்கிற ஸ்வரம் சரியாகப் பேசுகிற, சுருதி இறங்கிய வாத்தியம் அவருக்கு வேண்டியிருந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாயனத்தைச் செய்துகொடுத்தார். இன்றைக்கு மேடையில் பார்ப்பது பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இணையத்தில் கிடைக்கிறது, பதிவு கரகரவென்றுதான் இருக்கும். முதல் சில நிமிடம் சகித்துக்கொள்ளுங்கள், அப்புறம் கரகரப்பு காதில் விழாது. நாயனத்தின் நுனியில் செருகி வாய் வைத்து ஊதுகிற சீவாளி வேண்டுமென்றால் பக்கத்துத் திருவாவடுதுறைக்குப் போகவேண்டும். ஆற்றங்கரை நாணல் தட்டையைப் பதப்படுத்திச் செய்வது, அது தனிக் கலை, தனிக் குடும்பங்கள்.

துணிமணி. உங்கள் ஊருக்குள்ளேயே கூறைநாடு இருக்கிறது, நடந்தே போகலாம். கல்யாணக் கூறைப்புடவைக்குப் பேர்போன இடம். பெரியபுராணத்தில் வரும் நேச நாயனார், காம்பீலியிலிருந்து வந்து இங்கே நெய்துகொண்டிருந்தவர், அப்படியென்றால் எவ்வளவு பழைய நெசவூர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்டு நெய்வது கூறைநாட்டு வழக்கம். கனம் இருக்காது, பளபளப்பும் அடக்கமாக இருக்கும். இப்போது தறி ஓடுகிற வீடுகள் சொற்பம். கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கவேண்டும், கேட்டால் சொல்வார்கள்.

முழுப்பட்டு என்றால் திருபுவனம். அங்கே கூட்டுறவுச் சங்கம் 1955 முதல் நடக்கிறது, திருபுவனம் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் வந்தது. புடவையை விசிறி மடிப்பாக மடித்துத் தருவது அந்த ஊரின் அடையாளம், கையில் எடுத்துத் தூக்கினால் மடிப்பு தானாக விரியும். போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணத்தில் ஒரு பெரிய கடையில் எடுத்தோம். "திருபுவனம் கைத்தறி சார்" என்றார்கள், விலையும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து உள்பக்கம் திருப்பினால் விசைத்தறி. அதிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம் என்னவென்றால், சங்கத்தில் வாங்கு, இல்லாவிட்டால் நெய்கிறவர் வீட்டில் வாங்கு. நெய்கிறவர் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் வேள்வித்தீ படிக்கச் சொன்னது இதற்குத்தான். அதைப் படித்தவர் பேரம் பேசும்போது கொஞ்சம் யோசிப்பார்.

ஆண்களுக்கு என்ன என்று கேட்காதீர்கள். வெயிலுக்கு எட்டுமுழ வேட்டி போதும்.

உடுத்துவதற்கு இல்லாத துணி ஒன்றையும் சொல்லவேண்டும். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகக் கொடாலிக் கருப்பூரில் ஒரு காலத்தில் புடவை நெய்தார்கள். பருத்தியில் ஜரிகையும் சேர்த்து நெய்து, அதன்மேல் மெழுகு பூசிச் சாயம் ஏற்றிய வேலை. அரச ஆதரவு போனதும் நின்றுவிட்டது, அசல் புடவைகள் இப்போது அருங்காட்சியகங்களில்தான். ஆனால் அதே வழியில் வந்த கலம்காரி ஓவியம் திருப்பனந்தாள் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் நடக்கிறது. கோயில் தேருக்குச் சீலை, தொங்கவிடும் தொம்பை, தோரணம், குடை என்று எழுதுகிறார்கள். துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊறவைத்துக் காயப்போட்டு, குச்சியில் துணியைச் சுற்றிச் செய்த எழுதுகோலால் வரைகிறார்கள். திருவிழாவில் தேரை அண்ணாந்து பார்க்கும்போது இனிமேல் துணியையும் பாருங்கள், இப்போது பல ஊர்த் தேரில் பிளாஸ்டிக் பிரிண்ட் வந்துவிட்டது. வித்தியாசம் தெரிய ஆரம்பித்தால் உங்களுக்கும் என்னைப் போல் எரிச்சல் வரும்.

கலை நிகழ்ச்சிகளுக்கு நாள் பார்த்துத்தான் போகவேண்டும். வைகாசி வாக்கில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி மெலட்டூரில் பாகவத மேளா என்கிற நாட்டிய நாடகம். ராத்திரி தொடங்கி விடிய விடிய நடக்கும், ஆண்களே பெண் வேடமும் போடுவார்கள். பாட்டும் வசனமும் தெலுங்கு. மொழி புரியாதே என்று தயங்கவேண்டாம், பிரகலாதன் கதை யாருக்குத் தெரியாது? நரசிம்மர் முகமூடி கோயிலில் வைத்துப் பூஜை செய்யப்படுவது. அது மேடைக்கு வரும் நேரத்தில் எனக்குப் பின்னால் பாயில் தூங்கிக்கொண்டிருந்த பாட்டிகள்கூட எழுந்து கைகூப்பிவிட்டார்கள். தை வாக்கில் திருவையாறு தியாகராஜ ஆராதனை. பஞ்சரத்ன நாளில் கூட்டம் நெருக்கும், அதை டி.வி.யிலேயே காட்டிவிடுகிறார்கள். அதற்கு முந்தைய நாட்களின் சாயங்காலம் போங்கள். பேர் தெரியாத சின்னப் பிள்ளைகள் ஆளுக்குச் சில நிமிடம் பாடிவிட்டு எழுந்துபோவார்கள், அதில் ஒன்றிரண்டு குரல் வீட்டுக்கு வந்த பிறகும் காதைவிட்டுப் போகாது.

உங்கள் ஊர்த் துலாக்கட்டத்தை மட்டும் யாரும் சொல்லாமலே பார்த்துவிடுவீர்கள். ஐப்பசிக் கடைசி நாள் கடைமுகம், பல கோயில் சுவாமிகள் காவேரிக்கரைக்கு வரும், ஊரே இறங்கிக் குளிக்கும். மறுநாள் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு, முதல் நாள் வரமுடியாதவர்களுக்கான சலுகை நாள். வங்கியில் லீவு கிடைக்காவிட்டால் அன்றைக்கு விடியற்காலையில் போய்க்கொள்ளலாம், புண்ணியத்தில் குறைவில்லை என்கிறார்கள்.

தாராசுரம் கோயிலை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். விமானத்தை அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு, கருவறைச் சுவரின் அடியில் குனிந்து பாருங்கள். நாயன்மார் கதைகள் சாண் அளவுக் கட்டங்களில் வரிசையாக இருக்கின்றன. மதியம் போகாதீர்கள், தரைக்கல்லில் கால் வைக்கமுடியாது.

கடைசியாக, தீபாவளிக்குக் கோவை போகும்போது என்ன வாங்கிப்போவது என்றும் கேட்டிருந்தீர்கள். தலையாட்டிப் பொம்மையும் நாச்சியார்கோவில் விளக்கும் எல்லாரும் வாங்குவது, தப்பில்லை. விளக்கை எடை போட்டுத்தான் விற்பார்கள், பித்தளை விலையை முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இருக்கிற வீடு என்றால் நான் கும்பகோணம் வெற்றிலை வாங்கிப்போவேன். 2025இல் அதற்கும் புவிசார் குறியீடு வந்துவிட்டது. அகத்தி மரத்தில் கொடி ஏற்றி வளர்க்கும் கொடிக்கால் ராஜகிரி, அய்யம்பேட்டைப் பக்கமெல்லாம் இருக்கிறது. மார்க்கெட்டில் காலையில் வந்து இறங்குகிற கொழுந்து வெற்றிலையாகக் கேளுங்கள். காரம் குறைவு, நரம்பு மெலிசு, பல் இல்லாதவர்களும் மெல்லலாம். கூடவே நம் ஊர்ச் சீவல் ஒரு பாக்கெட். வாழையிலையில் சுற்றி, ஈரத்துணியில் பொதிந்து எடுத்துப்போங்கள். ரயிலில் ஜன்னல் பக்கம் மட்டும் வைக்காதீர்கள், வெயில் பட்டால் கோவை போவதற்குள் கருகிவிடும்.